எந்தப் பாதை என்று அவரிடம் கேட்டார்கள்

சென்ற மாதம் ஒரு காலையில் கிண்ணியாவில் மின்சாரம் நின்றது. நான் என் கடையில் பழுதான ஒலிபெருக்கி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மின்சாரம் நின்றால் முதல் வேலையாக நகரத்திலிருக்கும் லிங்கநகருக்கு அழைப்பு எடுப்பது எனக்கு மூன்று வருடப் பழக்கம். தவமணி அக்காவின் ஒட்சிசன் இயந்திரம் பற்றரிக்கு மாறிவிட்டதா என்று கேட்பேன். "மாறிட்டுது, நீங்கள் உங்கட வேலையப் பாருங்கோ" என்பார். அன்று அழைப்பை எடுத்தவர் அவருடைய தம்பி குகன். "நஸீர், இனிக் கரண்ட் நிண்டா எடுக்கத் தேவையில்ல" என்றார். விடிய ஆறு மணிக்கு மூச்சு நின்றதாகப் பிறகு சொன்னார். நான் கழற்றிய ஆணிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் புறப்பட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால், அவரை அறிந்தவர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிற பலருக்குத் தெரிந்தது ஒரேயொரு பாட்டு. அந்தப் பாட்டுக்குள் அவர் முப்பது வருடங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். அடைத்து வைத்தவர்களில் நானும் ஒருவன்.

துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் அவர் தட்டெழுத்தாளராக இருந்தார். படுக்கையில் கிடந்த தாயையும் தம்பியையும் அவர்தான் பார்த்தார். குரல் கனத்தது, கரகரப்பானது. இளவயதில் கொழும்புக்கு வானொலிக் குரல் தேர்வுக்குப் போனபோது, தேர்வாளர் ஒருவர் கொஞ்சம் பெண்மையோடு பாடச் சொன்னாராம். "என்னட்ட இருக்கிற பெண்மை இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டார். அதன் பிறகு மற்றவர்களுடைய பாட்டைப் பாடுவதில்லை என்று முடிவெடுத்துத் தானே எழுதத் தொடங்கினார். மண்ணெண்ணெய் வரிசை, அலுவலகத்தில் ஓயாமல் இருமும் மேலாளர், பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரம் என்று யாரும் பாட்டாக நினைக்காதவற்றைப் பாட்டாக்கினார்.

நான் அப்போது கிண்ணியாவில் ஒரு கல்யாண வாத்தியக் குழுவில் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் கழித்த தாள்களின் பின்பக்கத்தில் தட்டெழுதிய பாட்டுகளோடு வந்து நின்றார். "இதுகளில பல்லவி இல்லை. பல்லவி வேணுமெண்டா இப்பவே சொல்லுங்கோ, அடுத்த பாதையில திரும்பிப் போயிடுவன்" என்றார். அதுதான் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் தட்டையான இரும்பு மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவுக்கும் நகரத்துக்கும் நடுவே அதுதான் எங்களை ஏற்றி இறக்கியது. மீன் பெட்டிகளோடும் பிள்ளைத்தாய்ச்சிகளோடும் கரையில் காத்துக்கிடப்பது எங்கள் அன்றாடம். அதைத்தான் அவர் பாடினார்:

பாதை அங்கால நிக்குது
நாங்கள் இங்கால நிக்கிறம்
மீன் பெட்டியில ஐஸ் கரையுது
எப்ப வரும் எண்டு கேட்டால்
வரேக்க வரும் எண்டினம்

ஒரு பள்ளிக்கூடக் கலைவிழாவில் இதைப் பாடினோம். சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. யாரோ அதை ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டு போனார்கள். சில மாதங்களில் அதே பாட்டு வேறொரு குரலில், முரசு அதிர, தியாகம் என்றும் வெற்றி என்றும் நான்கு வரிகள் சேர்த்துத் திரும்பி வந்தது. பாதை இப்போது இரும்பு மிதவை அல்ல. அது வேறெங்கோ போகும் வழி. யுத்தம் மூண்டிருந்த காலம் அது. ஒலிநாடாவின் அட்டையில் பாட்டின் கீழே அவருடைய பெயரைப் போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் மதியம் சீருடைக்காரர்கள் வந்து அலுவலகத்திலிருந்தே அவரை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று நாள், யன்னல் இல்லாத ஓர் அறை. மொழிபெயர்க்க ஒருவர் நின்றார். எந்தப் பாதை என்று கேட்டார்கள். கிண்ணியாப் பாதை என்றார். அது எங்கே போகிறது என்று கேட்டார்கள். கிண்ணியாவுக்கு என்றார். பாடச் சொன்னார்கள். பாடினார். அதிகாரி மாறும்போதெல்லாம் முதலிலிருந்து பாடச் சொன்னார்கள். அந்த மூன்று நாளைப் பற்றிப் பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "உண்மையச் சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே வந்துது, நஸீர். கடைசியில எனக்கே சந்தேகம், நான் எந்தப் பாதையப் பாடினனான் எண்டு."

திங்கட்கிழமை தோறும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று சொல்லி அவரை வெளியே விட்டார்கள். அது வருடக்கணக்கில் நீண்டது. நகரத்தை விட்டுப் போக முடியாது. மட்டக்களப்பில் பாடக் கேட்டார்கள், போகவில்லை. இங்கிலாந்திலிருந்த சித்தி கூப்பிட்டார், போகவில்லை. பாட்டில் வரி சேர்த்தவர்களின் பக்கத்தில் வேறு கதை கிளம்பியது. மூன்று நாளில் விட்டார்களென்றால் அவர் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்று கேட்டார்கள். சேர்த்த வரிகளை எடுத்துவிடும்படி அவர் ஆள் அனுப்பிக் கேட்டபோது, அது இப்போது மக்களுடைய பாட்டு, அவருடையது அல்ல என்று பதில் வந்தது. "அப்ப திங்கக்கிழமை மக்கள் போய்க் கையெழுத்து வைக்கட்டும்" என்றார் அக்கா. பகிடியாகச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. வழியில் கண்டால் மறுபக்கத்தால் நடந்தேன். கிற்றார் வாசித்தது யார் என்று அவரிடம் கேட்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். என்னைத் தேடி யாரும் வரவில்லை. அப்படியென்றால் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

கையெழுத்து முடிந்து, தாயும் போன பிறகு, நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் பாட வேலை கிடைத்தபோது, நடந்ததைப் பற்றி எதுவும் கேட்காமல் அக்கா என்னையும் கூட்டிப்போனார். வாரத்தில் நாலு மாலை, வெள்ளைக்காரருக்குப் பழைய ஆங்கிலப் பாட்டுகள். முன்பு மற்றவர்களுடைய பாட்டைப் பாட மாட்டேன் என்றவர் ஏழு வருடம் அதைத்தான் பாடினார். ஒரே உடுப்பு, ஒரே மூலை, ஒரே வரிசையில் பதினாலு பாட்டு. சலிக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "இஞ்ச ஒருத்தரும் என்ன கருத்து எண்டு கேக்கிறேல்ல" என்றார்.

ஒரு மாலை கனடாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று அவரை அடையாளம் கண்டுகொண்டது. வயதான ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பாதைப் பாட்டைப் பாடும்படி கெஞ்சினார். குளிரில், பனியில், அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தாங்கள் உயிரோடு இருந்ததாகச் சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அக்கா மிக மெதுவாக, "எனக்கு ஏலாது ஐயா" என்றார். அந்தக் குடும்பம் முகம் கறுத்துப் போனது. பஸ்ஸில் திரும்பும்போது, பாடியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று நான் கேட்டேன். அவர் யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "அவர் கேட்டது என்ர பாட்டில்ல. என்ர பாட்டப் பாடினா அவர் ஏமாந்து போவார். அவற்ற பாட்டப் பாடினா நான் திரும்ப அந்த அறைக்குள்ள போயிடுவன்."

இதைக் கேட்ட பிறகும் நான் அதைச் செய்தேன். அதைத்தான் எழுத இவ்வளவு நேரமாகத் தயங்குகிறேன்.

யுத்தம் முடிந்து, பாலம் வந்து, பாதை நின்று சில வருடங்களின் பின் ஊரில் ஒரு விழா எடுத்தார்கள். மறைந்துபோன பாதையின் நினைவாக அந்தப் பாட்டு வேண்டும் என்றார்கள். அக்கா மறுத்துவிட்டார். இசையமைத்தவன் நான்தானே என்று என்னிடம் வந்தார்கள். மாலை போட்டு மேடையில் உட்காரவைப்பதாகச் சொன்னார்கள். இளம் பாடகி ஒருத்தி பாடினாள், நான் வாசித்தேன். அவள் பாடப் பழகியிருந்தது ஒலிநாடாவில் வந்த பாட்டை. சேர்த்த நான்கு வரிகள் வந்தபோது என் கை நிற்கவில்லை. அது தன்பாட்டில் வாசித்தது. அரங்கின் பின்வரிசையில் அக்கா இருந்தது எனக்குத் தெரியாது. மேடையிலிருந்து இறங்கியபோது முன்னால் வந்து நின்றார். "நஸீர், அந்த வரியளுக்கு மெட்டுக் கூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார். அதற்குப் பிறகு ஐந்து வருடம் என்னோடு கதைக்கவில்லை.

மீண்டும் கதைத்தது குகன் அழைத்ததால். அக்காவின் சுவாசப்பை நார் நாராக இறுகிக்கொண்டு போகிறது, இயந்திரம் இல்லாமல் இருக்க ஏலாது, மின்சாரம் அடிக்கடி நிற்கிறது, பற்றரி பூட்டித் தர முடியுமா என்று கேட்டார். கருவிப் பெட்டியோடு போனேன். அக்கா கதிரையில் இருந்தபடி நான் கம்பிகளைப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "முதல்ல வேலைய முடியுங்கோ" என்றார். முடித்த பிறகு, "கிற்றார் கொண்டு வரேல்லையா?" என்றார். அவ்வளவுதான். மன்னித்தாரா இல்லையா என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் குழாய் குசினி அடுப்படி வரை போகும், கிணற்றடி வரை போகும். வாசல் படலைக்கு மூன்றடி முன்னால் முடிந்துவிடும். மூன்று வருடம் அவருடைய உலகம் அவ்வளவுதான். ஒரு மூச்சில் நான்கு சொல்லுக்கு மேல் வராது. ஆகவே நான்கு சொல்லில் வரி எழுதினார். ஒரு வரி பாடுவார், குழாயில் இரண்டு தரம் இழுப்பார், அடுத்த வரி. கனத்த குரல் மெலிந்து காற்றாகியிருந்தது. நான் முதலில் அந்த இடைவெளிகளைக் கிற்றாரால் நிரப்பப் பார்த்தேன். கையைத் தூக்கி மறித்தார். "நிரப்பாதேங்கோ. அதுவும் பாட்டுத்தான். சனம் காத்திருக்கட்டும்" என்றார். அப்படிப் பத்தொன்பது பாட்டுகள் செய்தோம். அவர் செய்தவற்றில் அவைதான் உயர்ந்தவை என்பது என் எண்ணம். வெளியே வந்து பாட வழியில்லை. பதிவு செய்து அனுப்பலாமென்றால் விடவில்லை. அனுப்பினால் யாராவது வரி சேர்ப்பார்கள் என்றார்.

செத்தவீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது படலையில் ஒரு சங்கத்தின் பதாகை தொங்கியது. பாதைப் பாட்டின் பாடகி என்று பெரிய எழுத்து. ஒலிபெருக்கியில் முரசோடு அந்தப் பாட்டு. இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது, குழாயைச் சுருட்டி யன்னலில் வைத்திருந்தார்கள். அக்கா நெற்றியில் திருநீற்றோடு கிடந்தார். சேர்த்த நான்கு வரிகள் தொடங்கின. நான் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

சங்கத்தைச் சேர்ந்தவர் ஓடி வந்தார். கண்ணியமான மனிதர்தான், அவரில் பிழையில்லை. இது அம்மாவுக்குச் செய்கிற மரியாதை, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். "இது அவவின்ர பாட்டில்ல" என்றேன். அதைச் சொல்ல நீர் யார் என்றார். விழாவில் நீரும்தானே வாசித்தீர் என்றும் கேட்டார். ஓம், வாசித்தனான் என்றேன். எல்லோரும் குகனைப் பார்த்தார்கள். குகன் தமக்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சத்தம் வேண்டாம். இப்படியே இருக்கட்டும்" என்றார். தூக்கும் வரை அந்த வீட்டில் பாட்டு எதுவும் ஒலிக்கவில்லை. நான் செய்தது காலம் கடந்த காரியம் என்று எனக்குத் தெரியும். அவர் உயிரோடு பின்வரிசையில் இருந்த அன்று நிறுத்தியிருக்க வேண்டியது.

அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சியது ஒன்று உண்டு. இப்போதும் கல்யாணங்களுக்கு வாசிக்கப் போகிறேன். நாலு சொல் முடிந்ததும் என் கை தானாக நின்றுவிடுகிறது, இரண்டு மூச்சு நேரம். பாடுகிற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள், தாளம் தவறுகிறது என்று குழுவில் முறைப்பாடு. சரிசெய்யப் பார்த்தேன், ஏலவில்லை. அந்த இரண்டு மூச்சுக்குள் நான் அகப்பட்டுவிட்டேன். வெளியே வர எனக்கு விருப்பமும் இல்லை.