ஆட்டுக்கால் வைத்துப் பார்த்த பிரஸ்

காவேரி அக்காவின் நான்கு விரல்கள் பிரஸ் மெஷினில் தகட்டோடு தகடாக நசுங்கியபோது, பக்கத்து மெஷினில் நின்றிருந்தவர் எங்கள் தெரு சுஹைனா அக்கா. ஓசூரில் கார் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி அது. இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். டார்கெட்டை முடிக்க, ஒரு பட்டனை சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்படி விடுபட்ட கை தகடு வைக்கும். அன்று காலை காவேரி அக்காவுக்கு டியூப்பைக் கட்டிக் கொடுத்தது சுஹைனா அக்காதான்.

ரத்தம் சுவர்வரை தெறித்திருந்தது. சூப்பர்வைசர் மாரிசாமி தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார்.

"நாளையிலர்ந்து இந்த மெஷின் உனக்கு, சுஹைனா."

"டியூப்ப அவுத்துரட்டா சார்?"

"அவுத்துட்டா டார்கெட்ட யாரு, உங்கப்பனா வந்து அடிப்பான்?"

அக்காவின் அப்பா சாந்த் பாஷாவுக்குக் கறிக்கடை. அன்று மாலை, உரித்த ஆட்டைத் தொங்கவிட அவர் கயிற்றைக் கீழே இழுத்தார். விட்டத்து உருளை கிறீச்சிட, ஆடு மேலே ஏறியது. அக்கா கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டார்.

"அத்தா, இந்தப் பக்கம் எறங்குனா அந்தப் பக்கம் இழுக்குது."

"இத்தன வருசம் கறி தின்னுட்டு இன்னிக்குத்தான் பாக்குறியா?"

"அந்த உருளையும் ரெண்டு ஆட்டுக்காலும் குடு."

மறுநாள் ஷிப்டு தொடங்குமுன் அக்கா முதல் ஆட்டுக்காலைப் பிரஸ்ஸுக்குள் சும்மா வைத்துப் பட்டனை அழுத்தினார். எலும்பு வெடித்தது. குளம்பு பறந்தது. தோலும் மஜ்ஜையும் கூழாக வழிந்தன. ஒரு பெண் வாந்தியெடுத்தாள்.

பிறகு பிரஸ்ஸின் இறங்கும் தலையில் கயிறு கட்டி, தன் முதுகுப் பக்கம் உயரே மாட்டிய உருளை வழியாகக் கொண்டுவந்து, மறுமுனையில் இரண்டாவது காலைக் கட்டினார். அந்தக் காலை உள்ளே வைத்து அழுத்த, தலை இறங்கியது. அதே வேகத்தில் கயிறு சுண்டி இழுக்க, ஆட்டுக்கால் வெளியே பாய்ந்து, பின்னால் வந்து நின்ற மாரிசாமியின் தாடையில் அறைந்தது.

"கம்பெனியா, கறிக்கடையாடி இது!" அவர் பிளேடோடு கயிற்றை அறுக்கப் பாய்ந்தார்.

அக்கா அந்தக் கயிற்றின் முனையைத் தன் மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டு கையைப் பிரஸ்ஸுக்குள் வைத்தார். மற்ற கை பட்டன்மேல் இருந்தது.

"அறுங்க சார். நீங்க அறுத்ததும் அழுத்துறேன்."

பிளேடு கயிற்றில் பட்டு நின்றது. வெட்டவில்லை. அக்கா அழுத்தினார்.

தோளே கழன்றுவிடும்படி கயிறு அவரைப் பின்னால் வீசியது. வெறும் இரும்பில் இரும்பு மோதித் தரை அதிர்ந்தது. மணிக்கட்டுத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. எழுந்து, மாரிசாமியின் முகத்துக்கு நேராகக் கையை விரித்தார். ஐந்து விரல்களும் இருந்தன.

அந்தக் கையாலேயே அவரிடமிருந்து பிளேடைப் பிடுங்கி, முந்தைய நாள் தான் கட்டிய டியூப்பை அறுத்தெறிந்தார்.