கட்சிக்காரி

எங்கள் வீட்டில் ‘கட்சிக்காரன்’ என்பது முதலில் வசவுதான். அப்பா சாப்பாட்டு நேரத்துக்கு வராவிட்டால், "கட்சிக்காரருக்கு ஊரத் திருத்தின பொறவுதான் பசிக்கும்" என்று அம்மா சோற்றை மூடிவைப்பாள். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, "பொண்ணும் கட்சிக்காரியா?" என்று கேட்டுவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனது ஒரு வீடு. கட்சி அலுவலகத்தில் மட்டும் அது பட்டம். அப்பா இறந்த பிறகு, செயலாளர் அண்ணாச்சி நாலு பேர் நடுவில் என்னை அப்படிச் சொன்னார். அன்றிலிருந்து அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சென்ற தேர்தலில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் எங்கள் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தேன். மாற்றுக் கட்சி ஏஜெண்ட் எங்கள் தெரு அக்காதான். அதிகாரி பெயர் வாசிக்க, நாங்கள் பட்டியலில் கோடு போடுவோம். கல்ஃபில் இருப்பவர்களின் பெயரில் கள்ள ஓட்டு விழாமலிருக்க, அந்தப் பெயர்களை முன்கூட்டியே சுழித்துவைத்திருந்தோம். எங்கள் ஊரில் அது பக்கத்துக்கு ஏழெட்டு வரும்.

அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்து, சுழித்த பெயர் ஒன்று வாசிக்கப்பட்டது. வந்து நின்றவன் அந்தப் பெயருக்கு உரியவனின் தம்பி. அவனுக்கு ஓட்டு வேறு ஊரில். எங்கள் கட்சிக்காக உயிரையே கொடுப்பான். கையில் அண்ணனின் அட்டை, முகமும் அதே அச்சு. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

நான் எழுந்தேன். "சார், அந்த ஆளு துபாய்ல இருக்காரு. இது அவரு தம்பி." என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். அதிகாரி கேட்ட இரண்டாவது கேள்வியிலேயே அவன் நழுவிவிட்டான்.

டீ குடிக்க வெளியே வந்தால், தெருமுனையில் அண்ணாச்சி காத்து நிற்கிறார். "ஏட்டி, நீயெல்லாம் ஒரு கட்சிக்காரியா? ஒங்கப்பா இருந்தா இப்பிடிச் செய்வாரா?"

செய்திருப்பார் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அதுதான் வலித்தது.

"அப்பா என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் இதத்தான் செய்வேன்."

"அப்ப இனி ஆபீஸ் பக்கம் வராத."

உள்ளே வந்தால், அதற்குள் விஷயம் தெரிந்துவிட்ட அக்கா சிரிக்கிறாள். "எங்க பக்கம் வந்திரு மக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒங்க ஆளு வந்தாலும் இப்பிடித்தான் எழும்புவேன். ஆனா ஜெயிக்க வேண்டியது எங்க கட்சிதான்" என்றேன்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போனேன். அண்ணாச்சி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.