கொடியில் ஒரு கறுப்பு ஜட்டி

என் வீட்டுக்காரருக்குத் தன் ஜட்டி அளவு தெரியாது. கல்யாணமாகி இருபத்திநான்கு வருடங்களில் ஒரு தடவைகூட அவர் கடைக்குப் போய்த் தனக்கென்று ஒன்று வாங்கியதில்லை. நான்தான் வாங்குவேன். வருடத்துக்கு ஒரு முறை, அரை டஜன், தொண்ணூற்றைந்து, சுத்தப் பருத்தி, எலாஸ்டிக் வெளியே தெரியாத ரகம். என் தலையைப் பார்த்ததுமே கடைக்காரர் எடுத்து வைத்துவிடுவார். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு திங்கட்கிழமை காலை, துணி காயப்போடப் போன நான் கொடியில் ஒரு கறுப்பு ஜட்டியைப் பார்த்தேன்.

நீளக்கால் வைத்தது, பாதித் தொடைவரை வரும். துணி வழுவழுவென்று இருந்தது. அவரே துவைத்துப் போட்டிருக்கிறார். போட்டதோடு நிற்காமல் போர்வைக்குப் பின்னால் மறைத்து வேறு போட்டிருக்கிறார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு, அதை மறைத்துப் பேச மாட்டேன். இன்னொருத்தி என்னைவிட நேராக ஒரு மடிப்புத் தைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் இவர் விஷயத்தில் பொறாமைப்பட இதுவரை ஒன்றும் இருந்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்திலாவது ஆள் மாட்டிக்கொண்டால் ஃபோன் வரும், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவார். உள்ளே மாட்டியவர்கள் கதவைத் தட்டிக் கத்துவார்கள். இவர் வெளியே நின்று, "இதோ வந்துட்டேன், மூணே நிமிஷம், வீட்ல எத்தன பேரு நீங்க" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையைப் பார்ப்பார். ஊருக்கெல்லாம் அவ்வளவு பேச்சு. வீட்டுக்குள் மட்டும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

தனக்கு ஒன்று சரியில்லை என்று அவர் சொல்லவே மாட்டார். கல்யாணமான புதிதில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். கழுத்து சின்னதாகப் போய்விட்டது. மேல் பொத்தானைப் போடாமல் இரண்டு வருடம் அதைப் போட்டுக்கொண்டு அலைந்தார். கேட்டால் காற்றோட்டமாக இருக்கிறதாம். நானும் நம்பினேன்.

இத்தனைக்கும் என் தொழிலே தையல். வீட்டு முன்னறையில் ஆல்டரேஷன் கடை. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூடச் சட்டை தைப்பது. கடையில் ஒரே ஒரு சட்டம்தான். ஆறு மாதத்துக்கு மேல் பழசான அளவில் கத்தரி வைக்க மாட்டேன். "போன வருஷம் எடுத்த அளவு நோட்டுல இருக்குமே, அதுலயே வெட்டுங்க" என்று பறந்துகொண்டு வருபவர்களை நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, மறுபடி அளந்து, தேதி போட்டு எழுதுவேன். "உடம்பு என்ன சொல்லிட்டா மாறும்?" என்று ஒரு திட்டும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்னால் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று இவருக்கு ரிப்போர்ட் வந்தது. நடக்கச் சொன்னார்கள். நடந்தார், பிறகு ஓடினார், பிறகு நிறுத்தவே இல்லை. பூங்காவில் கூடும் ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டார். பத்து கிலோமீட்டர் ஓடினார், இருபது ஓடினார், இப்போது நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயம் ஓடப் போகிறாராம். ஓடட்டும், நல்லதுதானே என்றிருந்தேன். அந்தக் குழுவில் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறாள் என்பதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. டாக்டரம்மா சொன்னாங்க, தண்ணிய மடக்கு மடக்கா குடிக்கணுமாம். டாக்டரம்மா சொன்னாங்க, ஷூ அரை சைஸ் பெருசா வாங்கணுமாம். எனக்கு உதிராத முத்தெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் தாராளமாக உதிர்ந்தது.

கறுப்பு ஜட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இது யாருது?"

"என்னுதுதான்."

"எப்ப வாங்குனீங்க?"

"சனிக்கிழமை."

"நீளக்கால் வச்சதுதான் வேணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

டம்ளரைக் கீழே வைத்தார். "ரொம்ப தூரம் ஓடுனா தொடை உரசுதில்ல. இந்த மாதிரி போட்டா உரசாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

பல்லைப் பார்க்க வேண்டியவளுக்கு என் புருஷன் தொடையில் என்ன வேலை? "உரசுதுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவளிடம் சொல்கிற அளவுக்கு மட்டும் இருந்திருக்கிறது.

அன்று மத்தியானம் கடையில் உட்கார்ந்து அந்த ஜட்டியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தேடினேன். தொடையின் உள்பக்கம் தையலே வராதபடி துண்டை வெட்டியிருந்தார்கள். இருக்கிற தையலும் தட்டையாக, விரலால் தடவினால் தட்டுப்படாமல் ஓடியது. கவட்டையில் தனித் துண்டு கொடுத்து, கால் அகலும்போது இழுக்காதபடி செய்திருந்தார்கள். கால் விளிம்பு சுருண்டு மேலே ஏறாமல் பிடித்து நின்றது. தைத்தவன் கையை வெட்ட வேண்டும் என்று தோன்றுகிற அளவுக்கு நன்றாக இருந்தது.

பொத்தான் தைக்க உதவிக்கு வரும் என் நாத்தனார் எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அடுத்த தெருதான் அவள் வீடு.

"என்ன அண்ணி, எங்கண்ணன் ஜட்டிக்கு எக்ஸ்ரே எடுக்குறீங்களா?"

"உங்கண்ணனுக்கு இப்பல்லாம் ஊர்ல இருக்கிறவங்க ஜட்டி பாத்துச் சொல்றாங்க. என் கையில என்ன இருக்கு?"

"ஒரு ஜட்டிக்கா அண்ணி இவ்வளவு?"

"ஜட்டிக்கு இல்ல" என்றேன். அதற்குமேல் அவளுக்கு விளக்கவில்லை.

இதைவிட நல்லதாக ஒன்று என்னால் தைக்க முடியாதா? வீம்பு தலைக்கேறிவிட்டது. இழுத்தால் நீளும் பருத்தித் துணி வாங்கினேன். உள்தொடையில் தையல் இல்லாமல் வெட்டினேன். தட்டைத் தையலுக்காக மெஷினில் ஊசியை மாற்றி, மூன்று தடவை பிரித்து, மூன்று தடவை தைத்தேன். அளவுக்கு நோட்டைப் புரட்டவில்லை. புருஷன் அளவுக்கு நோட்டு எதற்கு? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தொண்ணூற்றைந்து என்பேன்.

சனிக்கிழமை மடித்துக் கொடுத்தேன். "நாளைக்கு இதப் போட்டுட்டு ஓடுங்க."

மறுநாள்தான் பந்தயத்துக்கு முந்தைய கடைசி நீளப் பயிற்சி, முப்பது கிலோமீட்டர். அவர் ஜட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். "பிரமாதமா வந்திருக்கு" என்றார். அந்தக் கறுப்பை எடுத்து அலமாரியின் அடியில் போட்டார். எனக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஓடி முடிக்கும் நேரத்துக்கு, துண்டு கொண்டுபோகிற சாக்கில் நானும் பூங்காவுக்குப் போனேன். உண்மையில் டாக்டரம்மாவைப் பார்க்கத்தான் போனேன். அன்றைக்கு அவள் குறைந்த தூரம் ஓடியிருக்கிறாள், முன்பே முடித்துவிட்டு வாசலில் நின்று காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். பெரிய அழகியாக இருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். என் வயது, என் உயரம், என்னைப் போலவே முன்நெற்றியில் நரை. அப்படியென்றால் என்னிடம் இல்லாதது என்ன இருக்கிறது இவளிடம்?

என் கையிலிருந்த அவருடைய துண்டைப் பார்த்தே அடையாளம் தெரிந்துகொண்டாள்போல. "லிஃப்ட்காரர் வீட்ல நீங்கதான? வாங்க, வாங்க. உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரு" என்றாள். என்ன சொல்வார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இரண்டு பேரும் சாலையைப் பார்த்து நின்றோம். தூரத்தில் நான்கைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"அதோ வர்றாரு" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினேன். அகலமான தோள், தொப்பை, தளர்ந்த நடை. அப்படி யாரும் அங்கே வரவில்லை. கடைசியில் ஒல்லியான ஒரு ஆள் ஓடாமல், காலை அகட்டிவைத்து நடந்து வந்தார். இருபதடி தூரத்துக்கு வந்த பிறகுதான் அது என் புருஷன் என்று எனக்குத் தெரிந்தது. அரைக்கால் டவுசரின் உள்பக்கம் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

"என்ன சார், அந்தக் கறுப்பப் போடலயா இன்னிக்கு?" என்றாள் டாக்டரம்மா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. எனக்குக் காது மடல் சூடேறிவிட்டது.

"வீட்ல தைச்சுக் குடுத்தது டாக்டர். அருமையா இருந்துச்சு. நான்தான் தொடையில வாசலின் தடவ மறந்துட்டேன்" என்றார் அவர். என்னைப் பார்க்காமல் சொன்னார். காற்றோட்டமாக இருக்கிறது என்று சொன்ன அதே குரல்.

அவர் தண்ணீர் குடிக்கப் போனதும் டாக்டரம்மா என் பக்கம் நகர்ந்து வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. தையல்ல குறை இருக்காது. லூசா இருந்திருக்கும். லூசா இருந்தா துணி வேர்வையில நனைஞ்சு மடிஞ்சு, அந்த மடிப்பே தோல அறுத்துடும். பருத்தியும் அப்படித்தான், நனைஞ்சா காயாது. தோலோட ஒட்டி நிக்கணும். 'பழைய சைஸ்லயே வாங்காதீங்க, ரெண்டு சைஸ் குறைஞ்சிருப்பீங்க'ன்னு நான் அன்னிக்கே சொன்னேன் அவர்கிட்ட."

"அளந்து பாத்தீங்களாக்கும்?" என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

அவளுக்கு அந்தக் குத்தல் உறைக்கவே இல்லை. "அளக்கணுமா என்ன? பாத்தாலே தெரியுதே அக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். அவர் குளித்து, மருந்து போட்டுக்கொண்டு வந்ததும், "இங்க வந்து நில்லுங்க" என்று முன்னறைக்குக் கூப்பிட்டேன். கண்ணாடிக்கு முன்னால், வாடிக்கையாளர்கள் நிற்கிற இடத்தில், அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். டேப்பை இடுப்பைச் சுற்றிப் போட்டேன்.

"மூச்ச இழுக்காதீங்க."

"இழுக்கல."

எண்பத்துநாலு. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன். எண்பத்துநாலுதான். நோட்டைத் தேடி எடுத்தேன். அவர் பக்கத்தில் கடைசித் தேதி ஒன்பது வருடம் பழையது. பிறகுதான் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அவருடைய பெல்ட்டைக் கவனித்தேன். கம்பெனி போட்ட ஓட்டைகளைத் தாண்டி, டிரில் வைத்து அளவாக, வரிசையாக, நான்கு புது ஓட்டைகள். தினமும் அந்தக் கதவை நான்தான் திறந்து மூடுகிறேன்.

"லூசா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஆசையா வாங்கிட்டு வர்ற. என்னத்தச் சொல்றது?" என்றார். கையை இன்னும் தூக்கியபடியே வைத்திருந்தார். இறக்குங்கள் என்று நான் சொல்ல மறந்துவிட்டேன்.

பதினொரு சென்டிமீட்டர். எங்கோ வெளியூருக்குப் போய் இளைத்துவிட்டு வரவில்லை. என் கட்டிலில் படுத்து, என் கையால் சாப்பிட்டு, என் கண்ணுக்கு முன்னால் கரைந்திருக்கிறார். ஊரில் இருக்கிற அத்தனை இடுப்பையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்தேன். இவரை மட்டும் பார்க்காமலே தைத்தேன். அழுகைதான் வந்தது. கோபமும் வந்தது, அந்த டாக்டரம்மா மேல்தான். அவளுக்கு எதற்கு அவ்வளவு நல்ல கண்?

எண்பத்துநாலில் புதிதாக ஒன்று அன்றே வெட்டித் தைத்துவிட்டேன். ஆனால் புண் ஆறவே பத்து நாளாகும், பந்தயத்துக்கு இருந்ததோ இரண்டு வாரம். ஓடிப் பார்க்காத எதையும் பந்தயத்தன்று போடக் கூடாதாம். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அலமாரியின் அடியிலிருந்து கறுப்பை நானே எடுத்து, துவைத்து, அவர் பையில் வைத்துவிட்டேன். போர்வைக்குப் பின்னால் போடாமல் கொடியில் முன்வரிசையில்தான் காயப்போட்டேன். என் கையால் அதை மடிக்கும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

நாளை மறுநாள் பந்தயம். இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளாக, அவர் வேலைக்குக் கிளம்பினால் நான் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருக்கோடி திரும்பும்வரை பார்க்கிறேன். சாயங்காலம் திரும்பி வரும் நேரத்துக்கும் நின்றுகொண்டிருப்பேன். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இடது கையை அதிகமாக வீசுகிறார். திரும்புவதற்கு முன் ஒரு தடவை மணிக்கட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

"என்ன அண்ணி, புதுசா கல்யாணம் ஆனவ மாதிரி வாசல்லயே நிக்கிறீங்க?" என்று நாத்தனார் கேலி செய்கிறாள். செய்துவிட்டுப் போகட்டும். டாக்டரம்மா பாதித் தூரப் பந்தயம்தான் ஓடுகிறாளாம், முன்பே முடித்துவிட்டு முடிவுக்கோட்டுப் பக்கத்தில் வந்து நிற்பாளாம். நானும் அங்கேதான் நிற்பேன். கூட்டத்தில் அவர் தலை தெரிந்ததும், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், "அதோ வர்றாரு" என்று நான் சொல்லிவிட வேண்டும்.