பெரியநாயகசாமி மாற்றிப் போட்ட ஐ.சி.

எங்கள் ஊர் ரைஸ் மில்லில் பெரியநாயகசாமி மோட்டார் பார்த்தான், நான் எடை போட்டேன். காவிரியில் தண்ணீர் சரியாக வராத வருஷங்கள் அவை. நெல் வராவிட்டால் மில் ஓடாது. மில் ஓடாவிட்டால் எனக்கு வாய் ஓடும், அவனுக்குக் கை ஓடும். பழைய ரேடியோவைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் கட்டுவது அவன் பைத்தியம். எட்டாவதோடு நின்றவன். தஞ்சாவூர் ரேடியோ கடையில் ஜெராக்ஸ் தாள்களை வாங்கி வந்து, இங்கிலீஷை விட்டுவிட்டுப் படத்தையும் நம்பரையும் மட்டும் படிப்பான்.

தொண்ணூற்றைந்தில் மாதா கோயில் பாடகர் குழுவில் ஃபிளோரா டீச்சர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டம் சேர்ந்தால் வயலின் காதில் விழாது. வில் மட்டும் போய்வரும். டீச்சர் காற்றை அறுக்கிறார் என்று நான்தான் ஊரில் பரப்பினேன்.

"திருவிழாவுக்குள்ள ஒரு டப்பா செஞ்சு தர்றேன் டீச்சர்" என்றான் பெரியநாயகசாமி.

திறந்தால் பாடுகிற பிறந்தநாள் அட்டைக்குள் ஒரு பித்தளைத் தகடு இருக்குமே, அதைப் பிடுங்கி வயலின் உடம்பில் ஒட்டினான். தகட்டிலிருந்து வருவது துளி சத்தம். அதைப் பெரிசாக்கி மைக் செட்டுக்கு அனுப்ப ஒரு ஆப்-ஆம்ப் வேண்டும். எட்டுக் கால் வைத்த கறுப்புப் பூச்சி போல இருக்கும், ஐ.சி. என்பார்கள். முதலில் செவன் ஃபோர் ஒன் போட்டான். வயலின் சளி பிடித்த பூனையாகக் கத்தியது. அப்புறம் டிஎல் ஜீரோ செவன் டூ. ஃபிளோரா டீச்சர் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "நானா வாசிச்சேன்?" என்று கேட்டார்.

"ரெண்டும் பூச்சிதானே, அப்படி என்னய்யா வித்தியாசம்?" என்றேன்.

"இந்தத் தகடு கடைமடை வயல் மாதிரி. வர்றதே துளித் தண்ணி. அதை உறிஞ்சிக் குடிக்கிற ஐ.சி.யப் போட்டா ஒண்ணும் மிஞ்சாது. ஜீரோ செவன் டூ குடிக்காது, தொட்டு மட்டும் பாக்கும்."

அந்த நேரம் பார்த்து அவன் மச்சினன் எல்வின் ஒரு மாத லீவில் துபாயிலிருந்து வந்தான். மைக், மிக்ஸர் விற்கிற கம்பெனியில் சவுண்ட் இன்ஜினியர் என்று அவன் அக்கா, பெரியநாயகசாமி மனைவி விண்ணரசி சொல்வாள். குடோனில் பெட்டி எண்ணுகிறவன் என்று துபாயில் இருந்துவிட்டு வந்த வேதாரண்யத்துக்காரன் ஒருவன் என்னிடம் சொன்னான். இரண்டையும் சேர்த்தே நான் ஊருக்குச் சொன்னேன்.

வந்ததும் டப்பாவைத் திறந்து பார்த்தான்.

"என்ன மச்சான் இது, ஜீரோ செவன் டூவா? இதெல்லாம் பொம்மைக்குப் போடுறது." சட்டைப் பையிலிருந்து ஒரு ஐ.சி.யை எடுத்தான். "ஃபைவ் ஃபைவ் த்ரீ டூ. எங்க கம்பெனி மிக்ஸர்ல பூரா இதான். இதப் போடுங்க. கொடியேத்தத்துல டேப்புல புடிச்சு எங்க மேனேஜருக்குப் போட்டுக் காட்டுறேன். டெக்னீஷியன் விசாவுக்கு நான் பொறுப்பு."

வெளிநாட்டிலிருந்து வந்தவன் கொடுத்ததை வேண்டாம் என்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. சென்ட் தீர்ந்தாலும் பாட்டில் ஷோகேஸில் நிற்கும். இதில் விசா வேறு. மில் அந்த வருஷம் மூன்று மாதம்தான் ஓடியிருந்தது.

பெரியநாயகசாமி மாற்றிப் போட்டுப் பார்த்தான். தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல், நடுநடுவே படபடவென்று வெடிப்பு. உள்ளே ஒரு ரெசிஸ்டரைச் சின்னதாக்கினான். மழை நின்றது. ஆனால் வயலினில் அடிக்குரல் போய், கொசு பாடியது. பழைய ரெசிஸ்டரையே திரும்பப் போட்டான்.

"ஒன்னோட ஐ.சி.யவே போட்டுடேன்யா" என்றேன்.

"கொடியேத்தத்தன்னிக்குத் தெறந்து பாப்பானே."

"நம்பரத் தேய்ச்சு விடு."

"அது ஏமாத்து வேல."

"அப்ப நேரா சொல்லு. மாப்ள, ஒன் சரக்கு ஒசத்திதான், மைக்குக்கு நல்லாருக்கும், இந்தத் தகட்டுக்கு ஆகாதுன்னு சொல்லு."

"மூஞ்சி சுண்டிப்போயிடும்யா அவனுக்கு. விசா அவன் கையில இருக்கு." டப்பாவை மூடிக்கொண்டே சொன்னான், "கூட்டத்து எரைச்சல்ல தெரியாது."

கொடியேற்றப் பூசையன்று எல்வின் எல்லாருக்கும் முன்னால் மூடியைத் திறந்து நம்பரைப் படித்துக் காட்டிவிட்டு டேப்பை ஓடவிட்டான். பாடகர் குழு எழுந்தது. கூட்டம் அமைதியானது. பெரியநாயகசாமி நம்பியிருந்த கூட்டத்து இரைச்சல் அவனைக் கைவிட்டது. டீச்சர் வில்லை எடுப்பதற்கு முன்பே கோயில் முழுக்க மழை பெய்தது. வாசலோரம் நின்ற இரண்டு பேர் தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார்கள். பாவம், மழையைப் பார்த்து நாளாகியிருந்தது. டீச்சர் இழுத்ததும் வெடிக்க ஆரம்பித்தது. ஃபாதர் கையைக் காட்ட, பெரியநாயகசாமி ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினான்.

"ஐ.சி. ஃபர்ஸ்ட் கிளாஸ் ஃபாதர்" என்றான் எல்வின், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கட்டுனதுலதான் கோளாறு."

பெரியநாயகசாமி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியும் முன்பே போய்த் தன் ஐ.சி.யைப் போட்டுவிட்டான். மிச்சத் திருவிழா முழுக்க வயலின் கடைசி வரிசை வரைக்கும் தேனாக வந்தது. ஃபாதர் எல்வினைப் பார்த்துத் தலையாட்டினார்.

"புது ஐ.சி. செட்டாக ஒரு நாள் ஆகும் ஃபாதர்" என்றான் அவன். மூடியை மட்டும் திறக்கவில்லை. அது தெரிந்துதான் திறக்கவில்லை என்பது என் கணக்கு. தேர் அன்று டப்பாவின் மேல் நீல பெயின்டில் எழுதினார்கள்: உபயம், எல்வின், துபாய்.

நான் பெரியநாயகசாமி வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். "உள்ள இருக்கறது ஒன்னோடது. மூடியத் தெறந்து காட்டுய்யா! நல்லாப் பாடுறப்பவாவது ஒரு கேசட்டு புடி!"

விண்ணரசி குறுக்கே வந்தாள். "நீங்க சும்மா இருங்கண்ணே. எந்தம்பிய ஊரு சிரிக்க வெக்காதீங்க. விசா வரட்டும், அப்பறம் யாரு வேணா என்ன வேணா தெறக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பீடி வாங்கப் போய்விட்டான்.

ஒன்றரை வருஷம் கழித்து எல்வின் போன் பண்ணினான். எஸ்.டி.டி. பூத்துக்கு நானும் கூடப் போனேன். ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றதால் எல்லாம் கேட்டது.

"கொடியேத்தத்துல புடிச்ச கேசட்ட மேனேஜருக்குப் போட்டுக் காட்டுனேன் மச்சான். ஒரே எரைச்சல். டெக்னீஷியனுக்கு ஆகாதுன்னுட்டான். நாந்தான் விடல. ஆளு ஒடம்பு நல்லாருக்கா, மூட்ட தூக்குவாரான்னு கேட்டான். தூக்குவாருன்னு சொல்லிட்டேன். லோடிங் ஹெல்பர் விசா வருது."

சொல்லுடா, இப்பவாவது சொல்லுடா என்று அவன் விலாவில் இடித்தேன்.

"சரி மாப்ள" என்றான். "ரொம்ப நன்றி மாப்ள."

அவன் துபாய் போய் எட்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. "மிக்ஸர் பெட்டியெல்லாம் நாந்தான் எறக்குறேன். ஒண்ணு பதினெட்டு கிலோ. எல்லாம் சீல் வெச்சு வருது, பிரிச்சுப் பாக்க விட மாட்டாங்க. எல்வின் இங்கே என்னய மச்சான்னு கூப்பிடுறதில்ல. பேர் சொல்லித்தான் கூப்பிடுறான். விண்ணரசிகிட்ட சொல்லாதே."

அன்றைக்கே போய்ச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"பொழைக்கப் போன எடத்துல அப்படித்தாண்ணே கூப்புடுவாங்க" என்றாள்.