பொருள்: வீட்டுக்காரர்

உள்ளே கொண்டுபோகும் சொந்தப் பொருளை வாசலிலேயே காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் வெளியே வரும்போது அது யாருடையது என்ற கேள்வி வராது. துறைமுக வாயில் அலுவலகத்தில் ஓய்வுபெறும்வரை நான் காத்த விதி இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், வேளாங்கண்ணி போகும் வழியில் நாங்கள் இறங்கிய கல்மரப் பூங்காவில் இந்த விதியை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்து உள்ளே விட்டுவிட்டார்கள்.

திருவொற்றியூரிலிருந்து வேனில் நான், மனைவி, மகன் குடும்பம். ராயபுரத்தில் மனைவியின் தங்கையும் ஏறிக்கொண்டாள். அவள் கணவர் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. போவதற்கு முன், வலையில் கட்டும் கல் ஒன்றின் ஓட்டை கயிற்றை அறுக்கிறது என்று, அரத்தால் ராவி வழவழப்பாக்குவதற்காக வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கல்லறைத் திருநாளன்று ராயபுரமே பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைகளுக்குப் போகும். இவள் மட்டும் வீட்டில் அந்தக் கல்லின் முன் மெழுகுவத்தி ஏற்றுவாள். அதை வேளாங்கண்ணிக் கடலில் ஒருமுறை நனைத்து எடுத்துவருவதாக வேண்டுதல். கல் துண்டில் சுற்றி அவள் கூடைக்குள் இருந்தது.

பூங்காவில் மரங்கள் கல்லாகிக் கிடந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கின்றன என்றது பலகை. மைத்துனி ஒன்றைத் தடவிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா மாமா, மரமே கல்லாயி கீது. எங்க வூட்டுக்காரரு கல்லா கீறாருன்னா மட்டும் நீங்கல்லாம் சிரிக்கிறீங்க."

மரம் எப்படிக் கல்லாகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

வெளியே வரும்போதுதான் காவலாளிக்குக் கடமை நினைவு வந்தது. கூடையைத் திறக்கச் சொன்னார். துணியைப் பிரித்தால், கல்லும் அதே செம்பழுப்பு, அதே வரி. சுற்றிக் கிடந்த கல்மரத் துண்டுகளுக்குக் கூடப்பிறந்தது போல இருந்தது.

"இத இங்கதானே எடுத்தீங்க?"

"அது கல்லு இல்ல நைனா, எங்க வூட்டுக்காரரு."

காவலாளி என்னைப் பார்த்தார். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஓட்டையைக் காட்டி விவரம் சொன்னேன்.

"ஓட்டைக் கல்லும் இங்க கெடக்குதுங்க சார். நான் விட்டா என் வேலை போயிரும். பெரிய ஆபீஸ்ல பாத்துச் சொல்லட்டும்."

அவர் பக்கமும் நியாயம்தான். பிடித்து வைத்தால் ரசீது தர வேண்டும் என்றேன். பொருளின் பெயர் என்ற இடத்தில் 'துளையிட்ட வலைக்கல், ஒன்று' என்று எழுதச் சொன்னேன். மைத்துனி குறுக்கே பாய்ந்தாள்.

"கல்லுன்னு எழுதினா கல்லோட கல்லா வீசிடுவீங்க. வூட்டுக்காரருன்னு எழுது நைனா."

அவர் சற்று யோசித்துவிட்டு, 'வீட்டுக்காரர்' என்றே எழுதினார். இந்த விவரத்தோடு ஒரு பொருளை விடுவிக்க எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும். வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"அவரு இல்லாம மாதாகிட்ட போயி நான் இன்னா சொல்றது?" என்றாள் அவள். வண்டியை வீட்டுக்கே திருப்பினோம்.

அதன்பிறகு நிம்மதி போயிற்று. நான் மனு எழுதினேன், நினைவூட்டல் எழுதினேன், நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினேன். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு அவள் போன் வரும். "இன்னா மாமா, வந்துச்சா?" அவள் கேட்பதற்கு முன்பே நான் வாசலுக்கு இரண்டு முறை போய் வந்திருப்பேன். விவரத்தைத் திருத்தக் கேட்கலாமா என்றேன். "அவர அடிச்சிட்டு கல்லுன்னு எழுதினீங்கன்னா, உங்க வூட்டுப் படி மிதிக்கமாட்டேன்" என்றாள். ஆகவே வாழ்நாளெல்லாம் சரக்குப் பெட்டிகளைப் பற்றி எழுதிய கையால், 'பொருள்: வீட்டுக்காரரைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக' என்று எழுதினேன். படிக்கிறவர் சிரித்துவிட்டுக் குப்பையில் போடுவார் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.

பதில் ஒருநாள் வந்தது. இரண்டே வரி. ஆய்வில் புதைபடிவம் அல்ல எனத் தெரியவந்துள்ளது. உரியவர் நேரில் வந்து அழைத்துச் செல்லலாம்.

மறுபடி படித்தேன். பொருள் என்றால் 'பெற்றுச் செல்லலாம்' என்றுதான் எழுத வேண்டும். அப்படித்தான் நானும் ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். முகம் தெரியாத யாரோ ஒருவர், கோப்பைப் படித்துவிட்டு அந்த ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார்.

போனில் வாசித்துக் காட்டினேன்.

"அழைச்சினு போகச் சொல்லிக்கீறாங்களா? அப்ப கெளம்புங்க மாமா, இன்னா பேசிக்கினு."

எந்த அலுவலகக் கடிதத்தைப் பிரித்தாலும் அதன் கடைசி வரியை இப்போது முதலில் பார்க்கிறேன். அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கக்கூடும் என்று நம்பக் கற்றது அன்றுதான். அந்தக் கடிதம் வந்த தேதி நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.