யாரும் நிற்காத தேர்தல்

எங்கள் ஓஹையோ ஊரில் லீலண்ட் ஹ்ருஸ்கா அளவுக்கு அரசியல் தெரிந்தவர் கிடையாது. வாஷிங்டனில் எந்த செனட்டர் என்ன உளறினான் என்று அதே குரலில் நடித்துக் காட்டுவார். இரவில் வரும் அரசியல் நையாண்டி நிகழ்ச்சியைப் பதிவு செய்து, காலையில் காபியோடு பார்ப்பார். பிறகு பொழுது சாயும்வரை செய்திச் சேனல். அடுத்த வீட்டுக்காரியான எனக்கு வேலி தாண்டி அந்தச் சிரிப்பு கேட்கும். ஒரு காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்ட மனுஷன்தான். "எல்லாம் கோமாளிக் கூட்டம், இவங்களுக்காக எதுக்கு அலையணும்?" என்று உட்கார்ந்துவிட்டார். சிரித்துவிட்டாலே கடமை முடிந்தது என்று நினைப்பு.

அவர் மனைவி வெர்னாவுக்குக் கண்புரை, கார் ஓட்ட முடியாது. அந்த மே மாதம், ஊர் ஆம்புலன்ஸைத் தக்கவைக்க வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று ஓட்டெடுப்பு. 'சம்மதம்' என்று ஓட்டுக் கேட்கும் பலகையை அவளே வாசல் புல்லில் நட்டிருந்தாள். ஓட்டெடுப்பு நாள் காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"லீலண்ட், சர்ச்சுல இருக்கிற பூத்துல கொண்டுபோய் விடு. ஓட்டுப் போட்டுட்டு வந்துடறேன்."

"என்ன ஓட்டு? டிவில ஒருத்தனும் மூச்சு விடலையே!"

"ஆம்புலன்ஸுக்கு."

"யாருமே நிக்காத எலெக்‌ஷனா? சாயங்காலம் பாத்துக்கலாம். இங்க வா, இவன் சொல்றதைக் கேளு!"

நான் கூட்டிப்போகிறேன் என்றேன். "வேண்டாம், சாயங்காலம் லீலண்டே கூட்டிட்டுப் போவான்" என்றாள். அவர் கூட்டிப்போகவில்லை.

சொற்ப ஓட்டில் தோற்றோம். ஆம்புலன்ஸ் நிலையத்தைப் பூட்டினார்கள். ஆகஸ்டில் வெர்னா தக்காளிச் செடிகளுக்கு நடுவே மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு லீலண்ட் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மாவட்டத்திலிருந்து வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது. நம் வண்டி இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாருக்குத் தெரியும்? அவருக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை.

நவம்பரில் அதே கேள்வி மறுபடி ஓட்டுக்கு வந்தது. வெர்னாவின் பலகையைத் தூக்கிக்கொண்டு லீலண்ட் வீடு வீடாகப் படியேறினார். நானும் கூடப் போனேன். எங்கள் தெருவிலேயே இருக்கும் டேல் புரூயிட் வீட்டில் டிவி சிரித்துக்கொண்டிருந்தது.

"என்ன லீலண்ட், யாரு நிக்கிறான்?"

"யாரும் இல்ல. ஆம்புலன்ஸுக்கு ஓட்டு."

"அட போப்பா! உள்ள வா, நேத்து இவன் என்ன கிழி கிழிச்சான்னு பாரு!"

லீலண்ட் டிவி பக்கம் திரும்பவில்லை. கதவருகே மாட்டியிருந்த டேல் மனைவியின் கோட்டையே பார்த்தார்.

"டேல், உன் பொண்டாட்டி கூப்பிட்டா உடனே கூட்டிட்டுப் போ. சாயங்காலம்னு மட்டும் சொல்லிடாதே."