மஞ்சளாகவே நின்ற வேர்

முந்தாநாள் காலை கொழுந்து எடை போட்டுக்கொண்டிருந்தபோது சண்முகம் அவர்களின் மகள் போனில் அழைத்தார். "அப்பா போயிட்டாருங்க" என்றார்.

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவரும் நானும் ஃபீல்டு ஆபீசர்களாக இருந்தோம். செடிகளைக் கவாத்து வெட்டுவதற்கு முன் அவர் ஒரு சோதனை செய்வார். பென்சில் கனத்தில் ஒரு வேரை நறுக்கி அயோடின் சொட்டுவிடுவார். வெட்டிய இடம் கருநீலமானால் வேரில் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது. "தழையெல்லாம் போனபொறவு செடி எதைத் தின்னு துளிர்க்குமுங்க? வேருல சேத்து வெச்சதைத்தானுங்களே" என்பார். நிறம் மாறாமல் அயோடினின் மஞ்சளாகவே நின்றால் சில வாரங்கள் கொழுந்து பறிக்காமல் செடியை ஓய்வில் விடவேண்டும்.

ஒரு வருடம் ஃபேக்டரிக்கு இலை போதவில்லை. கடைசிவரை பறித்துவிட்டு உடனே கவாத்து வெட்டச் சொன்னார் மேனேஜர். சண்முகம் சோதித்துப் பார்த்த வேர் மஞ்சளாகவே நின்றது. பதவி உயர்வு நெருங்கியிருந்த நேரம். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மழை பெய்தும் பாதிச் செடிகள் துளிர்க்கவில்லை. கத்தியை ஆழமாகப் போட்டுவிட்டதாகச் சொல்லி, கவாத்து ஆட்களின் கங்காணி முத்தையாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் அவருடையது. சண்முகம் அப்போதும் வாய் திறக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, காலைப் பெரட்டில் எல்லாரும் வேலைக்காகக் கூடி நின்றபோது, அவர் முன்னால் வந்தார். "வேருல மாவு இல்லைன்னு எனக்கு முன்னயே தெரியுமுங்க. முத்தையா மேல தப்பில்லைங்க. எல்லாம் என்ற தப்பு" என்றார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குள் முத்தையா குடும்பத்தோடு தேவாலாவுக்குப் போயிருந்தார். அவருடைய மகளின் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றுவிட்டது. சண்முகம் அங்கே போய் மன்னிப்புக் கேட்டார். "இத்தன நாளும் வாய் எங்க போச்சுங்க, ஐயா?" என்று கேட்டுவிட்டு முத்தையா கதவைச் சாத்திக்கொண்டார். இதை என்னிடம் சொன்னவர் சண்முகமேதான். "அவரு கேட்டது நெசந்தானுங்களே" என்றார்.

பின்னர் வந்த பதவி உயர்வைச் சண்முகம் மறுத்தார். ஓய்வு பெற்றபோது பாராட்டு விழா வேண்டாமென்றார். "முகம் கூசுதுங்க" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை.

நேற்று இறுதிச் சடங்குக்கு முத்தையா வந்திருந்தார். வாசலிலேயே நின்றவரிடம் போய்ப் பேசினேன்.

"நான் இன்னும் மன்னிக்கலிங்க" என்றார். "ஆனா தன் தப்ப எல்லாருக்கும் முன்னால சொன்ன ஆபீசர நான் வேற பாக்கல. அதுக்குத்தான் வந்தேன்."

போய்வாருங்கள், சண்முகம். சரிவுப் பாதையில் உங்களைத் தூக்கிச் சென்றபோது முன்னால் தோள்கொடுத்தவர் முத்தையா.